வந்து போகிற பேரன், வீட்டில் இருக்கிற பேத்தி

கேள்வி:

எனக்கு 64 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். வீட்டுக்காரர் தவறிவிட்டார். மூத்த மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடுதான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறார்கள். பேத்திக்கு 11 வயது, பேரனுக்கு 7. அவர்களுடைய அப்பா எங்களோடு இல்லை. மகன் வத்தளையில் குடும்பத்தோடு இருக்கிறான், புறக்கோட்டையில் கடை வேலை. அவனுக்கு 6 வயதில் ஒரே பையன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்கள்.

இந்தத் தீபாவளிக்கு அந்தப் பையனுக்கு ஹட்டன் டவுனில் 4,500 ரூபாய்க்கு ரிமோட் கார் வாங்கினேன். வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டையும் ஸ்கூல் சப்பாத்தும் வாங்கினேன். மகள் அனுப்புகிற காசில் மிச்சம் பிடித்து, என் கைக்காசையும் போட்டுத்தான் எல்லாம். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதுச்சட்டையைப் போடவே இல்லை. மடித்து டிரங்குப் பெட்டி மேல் வைத்தவள்தான், இன்னும் அங்கேயே கிடக்கிறது. சின்னவன் "எனக்கு ஏன் கார் இல்ல" என்று இரண்டு நாள் அழுதான். மகனோ, "அம்மா எப்பவும் அக்கா புள்ளைகளுக்குத்தான் எல்லாம் செய்றாங்க" என்று மருமகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வீட்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் செய்கிறேன். வந்து போகிற பிள்ளைக்கு வருஷத்தில் இரண்டு நாள்தானே? இனி எல்லாருக்கும் ஒரே சாமானாக வாங்கவா? என்னிடம் ஒரு சங்கிலி இருக்கிறது, அதை யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. இதைப் பக்கத்து வீட்டு டீச்சரைக் கொண்டு எழுதுகிறேன்.

பதில்:

அம்மா, இந்தப் பதிலையும் அந்த டீச்சரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பேத்தி கையில் கொடுத்து வாசிக்க வைக்காதீர்கள். அவளைப் பற்றி நாம் பேசுவது அவளுக்கு உங்கள் வாயால் போகட்டும், கடுதாசியால் வேண்டாம்.

பேத்திக்குப் பொறாமையோ பேராசையோ இல்லை. 11 வயதுப் பிள்ளை புதுச்சட்டையைப் போடாமல் மடித்து வைப்பது, தனக்கு என்ன வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் சொல்வது. அழுத சின்னவனை விட, அழாத இவளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன்.

நீங்கள் கொழுந்து எடுத்த காலத்தை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். விடியக் காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய், அட்டைக்கும் மழைக்கும் நடுவில் நாள் முழுக்க மலையில் நின்று, கடைசியில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், பாதிநாள் சம்பளம்தான். நின்ற நேரம் கணக்கில் வராது. தராசு என்ன சொல்கிறதோ அதுதான். அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு நடந்து வந்தபோது உங்கள் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? உங்கள் பேத்தி வருஷம் முழுக்க உங்கள் பக்கத்தில் நிற்கிறாள். தம்பியை ஸ்கூலுக்குக் கிளப்புவதும், தண்ணீர் பிடித்து வைப்பதும், உங்களுக்கு மாத்திரை எடுத்துத் தருவதும் அநேகமாக அவள்தான். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அம்மா வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் மூத்த பெண்பிள்ளை செய்கிற வேலைகள் இவைதான். தீபாவளி அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர் விழுந்துவிட்டது.

"சட்டையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தேனே" என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தீர்கள், உண்மைதான். ஆனால் ஸ்கூல் சப்பாத்து தீபாவளி வந்தாலும் வராவிட்டாலும் வாங்கத்தான் வேண்டும். பழையது பிய்ந்தால் புதியது. பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். அவளுடைய கண்ணுக்கு, மாமா மகனுக்கு வந்தது ஆசைக்கான சாமான், அவளுக்கு வந்தது தேவைக்கான சாமான். உங்கள் கணக்கில் இரண்டும் காசுதான். சப்பாத்தும் சட்டையும் சேர்ந்து காரை விட விலை அதிகமாகக்கூட இருந்திருக்கலாம். பிள்ளை விலையைப் பார்ப்பதில்லை, தனக்கென்று யோசித்து வாங்கினார்களா என்றுதான் பார்க்கிறாள்.

பெரியவர்கள் அநேகம் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சோறு, கொப்பி, மருந்து. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானும் இனிப்பும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் எக்கச்சக்கமாகச் செய்திருப்போம். ஆனால் எந்தப் பிள்ளையும் தான் சாப்பிட்ட சோற்றைப் பரிசு என்று எண்ணி வைப்பதில்லை. எண்ணவும் கூடாது. அது அவர்களுக்குச் சேரவேண்டியது.

இதை நான் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நானும் லயத்தில் அப்பாயி கையில் வளர்ந்தவன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாத்தளையிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தது. அவர் மகனுக்கு அப்பாயி ஒரு சிவப்பு டோர்ச் லைட் வாங்கி வைத்திருந்தார். பெட்டியைப் பிரித்ததும் அவனுக்குப் பெற்றரி போடத் தெரியவில்லை. "நீ போட்டுக் குடுடா, உனக்குத்தான் தெரியுமே" என்று அப்பாயி என்னிடம் நீட்டினார். நான் போட்டுக் கொடுத்தேன். அப்பாயி எனக்காக எத்தனை நாள் பட்டினி கிடந்தார் என்பது பின்னால் தெரிந்தது, அவர்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்த டோர்ச்சைத் திருகின சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, உங்கள் கடிதத்தில் நான் மூன்று நாலு தரம் திரும்ப வாசித்த வரி ஒன்று இருக்கிறது. "மகள் அனுப்புகிற காசில் மிச்சம் பிடித்து." நீங்கள் அதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். பேத்திக்கு அது சாதாரணமாக இருந்திருக்காது. அம்மா காசு அனுப்பினால் வீட்டில் சொல்கிறோம், பேங்குக்குப் போகிறோம், சில நாள் பிள்ளையையும் கூட்டிப் போகிறோம். 11 வயதுப் பிள்ளைக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, அதற்காகத் தன் அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரியும். தன்னோடு இருக்க வேண்டிய அம்மாவைக் கொடுத்து வாங்கின காசு அது. அதில் ஒரு பகுதி, தினமும் அம்மாவோடும் அப்பாவோடும் தூங்குகிற பிள்ளைக்குக் காராகப் போனது. இதை அவளால் வாயால் சொல்ல முடியாது, சட்டையை மடித்து வைக்க முடிந்தது.

நீங்கள் மனதறிந்து செய்யவில்லை. ஒரே சுருக்குப்பையில் எல்லாக் காசும் கிடந்தால் இப்படித்தான் ஆகும். ஆகவே என்னுடைய முதல் ஆலோசனை பரிசைப் பற்றியதே இல்லை, பையைப் பற்றியது. இரண்டாக்குங்கள். மகள் அனுப்புவது ஒன்றில். அதிலிருந்து அந்த இரண்டு பிள்ளைகளின் சாப்பாடு, படிப்பு, வைத்தியம், வீட்டுச் செலவு. மிஞ்சுவதை அவர்கள் பேரிலேயே சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அது சாதாரணமாக 18 வயது வரும்வரை எடுக்க முடியாத காசு, அதனால் அவசரத்தில் கை வைக்கிற பயமும் இல்லை. மற்றதில் உங்கள் சொந்தக் காசு. கையோடு காசு வாங்கிக்கொண்டு கொழுந்து எடுப்பது, முட்டை விற்பது, எது வருகிறதோ அது. பேரப்பிள்ளைகளுக்கான பரிசெல்லாம் இந்த இரண்டாவது பையிலிருந்து மட்டும் வரட்டும். தீபாவளிக்கு அதில் 3,000 தான் இருக்கிறதா, ஆளுக்கு 1,000. மூன்று பேருக்கும் அவ்வளவுதான். 4,500 ரூபாய்க் காரை வத்தளைப் பிள்ளைக்கு அவனுடைய அப்பா வாங்கிக் கொடுப்பார். அது அவர் வேலை.

இந்தக் கணக்கைப் பேத்திக்கு மறைக்காதீர்கள். ஒரு கொப்பி வாங்கி அவளையே எழுதச் சொல்லுங்கள். அம்மா அனுப்பியது இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, தம்பிக்கு இவ்வளவு, பேங்கில் இவ்வளவு. அம்மாவின் காசு தங்களுக்குத்தான் நிற்கிறது என்பதை அவள் தன் கையெழுத்திலேயே பார்க்கட்டும்.

எல்லாருக்கும் ஒரே சாமான் வாங்கவா என்று கேட்டீர்கள். இதற்கு வயதைப் பார்க்க வேண்டும். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் 1932இல் பிள்ளைகளின் நியாய உணர்வைப் பற்றி எழுதினார். ஏழெட்டு வயதிலிருந்து பிள்ளைகள் சமம் என்றால் சமம் என்று நிற்கிறார்கள், பதினொன்று பன்னிரண்டில்தான் யாருக்கு என்ன நிலைமை என்பதையும் சேர்த்து யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்று அவர் கண்டார். உங்கள் வீட்டில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். 7 வயதுக்காரன் "எனக்கு ஏன் கார் இல்ல" என்று நேரே கேட்டான். 11 வயதுக்காரி காரைக் கேட்கவேயில்லை. அவளுடைய கேள்வி வேறு.

அதனால் ஆறு வயதும் ஏழு வயதுமான இரண்டு பையன்களுக்கும் ஒரே மாதிரி வாங்கிவிடுங்கள். பெரிய கார் ஒன்றுக்குப் பதில் சின்னக் கார் இரண்டு, நிறம் மட்டும் வேறு. அந்த வயதில் அதற்கு மேல் விளக்கம் எடுபடாது. பேத்திக்கு அதே கார் வேண்டாம். அவளுக்கு அவள் விருப்பம் தெரிந்து வாங்கியதாக இருக்க வேண்டும். கலர் பென்சிலா, வளையலா, கதைப் புத்தகமா என்று பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னாலேயே காது கொடுத்துக் கேட்டு வையுங்கள். விலை கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் போதும், பத்து இருபது ரூபாய்க்கு மண்டையை உடைக்க வேண்டாம். ஸ்கூல் சாமானைப் பண்டிகை நாளில் கொடுக்காதீர்கள். ஜனவரியோ எதுவோ, தேவைப்படுகிற நாளில் கொடுங்கள். அப்புறம், ஒருவனுடையதைக் கலர்ப் பேப்பரில் சுற்றி, மற்றவர்களுடையதை சொப்பிங் பேக்கோடு நீட்டுவதும் வேண்டாம். பேப்பர் இருந்தால் மூன்றுக்கும், இல்லையென்றால் ஒன்றுக்கும் இல்லை.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேஷம் கொடுப்பீர்கள்தானே? வெற்றிலையில் வைத்து, வரிசையாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே நோட்டு. அதில் எப்போதாவது சண்டை வந்திருக்கிறதா? அதே கையால், அதே மாதிரித் தீபாவளிக்கும் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. மூத்த மகளின் பிள்ளைகளுக்கு நீங்கள் அம்மாயி, மகனின் பிள்ளைக்கு அப்பாயி. "மகன் வயிற்றுப் பேரன், நம்ம வம்சம்" என்ற நினைப்பு அந்தக் காரில் கொஞ்சமாவது இருந்ததா? இருந்தது என்றால் நான் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நம் தோட்டங்களில் எல்லாரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டோம். ஆனால் இன்றைக்கு உங்கள் அடுப்பு எரிவது மகளின் உழைப்பில். நீங்களும் ஒரு பெண்ணாகக் கூடை சுமந்துதான் இந்த இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினீர்கள். பேத்தி பெண் என்பதால் குறைவு என்று அவளுக்கு ஒருதரம் தோன்றிவிட்டால், அதைப் பிறகு எந்தச் சடங்குக்கும் எடுக்கிற பட்டுச் சேலையாலும் ஈடு செய்ய முடியாது. இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். நீங்களே இரவில் படுக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மகன் சொன்னதும் உங்களைச் சுட்டிருக்கிறது. அவன் சொன்னது நியாயமில்லை, ஆனால் அவனுடைய குறையும் பொய்யில்லை. வருஷத்தில் இரண்டு தரம் பஸ் ஏறி வந்து பார்க்கும்போது, அம்மா மடியில் அக்கா பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் பிள்ளைக்கு அந்த மடி பழக்கமில்லை. அதைத்தான் அவன் காசுக் கணக்காகச் சொல்கிறான். தனியாக இருக்கும்போது அவனிடம் சொல்லுங்கள்: "தம்பி, அக்கா புள்ளைகளை நான் வளக்குறேன். வளக்குறதும் கிப்ட் குடுக்குறதும் ஒன்னில்ல. உன் புள்ளைக்கு நீயும் பொண்டாட்டியும் செய்றதத்தான் நான் இவங்களுக்குச் செய்றேன். பண்டிகைக்கு மூணு பேருக்கும் என் கை ஒன்னுதான்." மருமகள் முன்னால் வேண்டாம். அவனிடம் சொன்னால் அவளுக்குப் போய்ச் சேரும்.

வத்தளைப் பேரனுக்கு உங்களிடம் கிடைக்க வேண்டியது ரிமோட் கார் இல்லை. அது கொழும்பில் எந்தக் கடையிலும் இருக்கிறது. அவனைக் கூட்டிக்கொண்டு நீங்கள் கொழுந்தெடுத்த மலைக்குப் போங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டுங்கள். அவன் கையாலேயே கோழிக்குத் தீனி போடட்டும். அவன் ஊருக்குப் போய்ச் சொல்லப் போவது அதைத்தான்.

இதற்கு மறுபக்கம் பேத்திக்கு. வந்து போகிற பிள்ளை விருந்தாளி. அவனுக்குத் தனித் தட்டு, அவன் சொல்வதற்கெல்லாம் சிரிப்பு. வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு நாள் வருவதே கிடையாது. அவளுக்கு எப்போதும் "அதை எடு, இதை வை". ஆகவே வருஷத்தில் ஒரு நாளாவது அவளை மட்டும் தனியாக ஹட்டனுக்குக் கூட்டிப் போங்கள். தம்பியை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மருந்துக்கும் பேங்குக்கும் சேர்த்துப் போகிற பயணமாக அது இருக்கக் கூடாது. கடையில் உட்கார்ந்து அவள் கேட்பதை வாங்கிக் கொடுத்து, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள். ஒக்டோபர் 1 நம் நாட்டில் சிறுவர் தினம், அதே நாள்தான் முதியோர் தினமும். அன்றைக்கே வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பொருந்தும். ஆனால் முதல் பயணத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். சின்னவனுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும், அவனுக்கு வேறொரு மாதத்தில்.

சங்கிலி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சேமலாப நிதியில் வாங்கினதாக இருந்தால் அது முழுக்க உங்கள் வியர்வை. சம்பளத்தில் 100க்கு 8 ரூபாய் உங்களிடம் பிடித்து, தோட்டம் 12 ரூபாய் போட்டுச் சேர்ந்த காசு அது. உயிரோடிருக்கும்போது யாருக்குக் கொடுப்பதும் உங்கள் இஷ்டம். ஒன்றும் எழுதி வைக்காமல் போனால், நம் நாட்டுப் பொதுச் சட்டப்படி அது மகனுக்கும் மகளுக்கும் சமபங்காகப் போகும், பேரப்பிள்ளைகளுக்கு நேராக வராது. எனக்கென்னவோ அதை இப்போது எந்தப் பேரப்பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஒரு சங்கிலி, மூன்று கழுத்து. உங்களுக்கே நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரலாம், அப்போது அது உங்களுக்கு உதவும். கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், மகனும் மகளும் இரண்டு பேரும் இருக்கும் நேரத்தில், மகள் போனிலாவது இருக்கும்போது, வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் காதுபட "இது உனக்குத்தான்" என்று ஒருவரிடமும் சொல்லி வைக்காதீர்கள்.

இப்போது பேத்தியிடம் பேச வேண்டியது. மன்னிப்புக் கேட்பது பெரியவர்களுக்கு இழுக்கு என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் அடுப்படியில் ரொட்டி சுடும்போது, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாலும் போதும்: "தீவாளிக்கு அம்மாயி யோசிக்காமச் செஞ்சிட்டேன்மா. உங்கம்மா காசுல கார் வாங்கியிருக்கக் கூடாது. உனக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும்." அவ்வளவுதான். "ஆனா அவன் சின்னப் புள்ளதானே" என்று பின்னால் எதையும் ஒட்ட வேண்டாம். அவள் பதில் சொல்லாமல் இருந்தால் இருக்கட்டும். அழுதால் அழட்டும். அவசரமாக டவுனுக்கு ஓடிப்போய் ஈடாக ஒரு சாமான் வாங்கி வராதீர்கள், அப்படிச் செய்தால் அவள் வலித்ததற்கு விலை போட்டது மாதிரி ஆகிவிடும்.

அவள் இதை அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடும். "அம்மாகிட்ட சொல்லாத" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கடல் தாண்டி இருக்கிற அம்மாவிடம் மனதில் உள்ளதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது அந்த ஒரு போன்தான். அவள் சொல்வதற்கு முன்னால் நீங்களே மகளிடம் நடந்ததைச் சொல்லி, காசைப் பிரித்து வைத்ததையும் சொல்லிவிடுங்கள்.

பொங்கலுக்கு மகன் குடும்பம் வருவதற்குள் இதெல்லாம் முடிந்திருந்தால் நல்லது. கொப்பி வாங்குவதும் பேசுவதும் ஒரு வாரத்து வேலைதான். டிரங்குப் பெட்டி மேல் இருக்கிற சட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள், "இன்னும் போடலையா" என்று கேட்கவும் வேண்டாம். தூசி விழுந்தால் தட்டி, அதே மடிப்போடு அங்கேயே திரும்ப வையுங்கள். எப்போது போடுவது என்பது அவள் இஷ்டம்.